சிலிக்கா குடித்த தண்ணீர்

இரண்டாவது தடவையும் பால் மாதிரிதான் வந்தது.

மிக்சரின் மூடி மேலே போனதும் லேபக்கா எட்டிப் பார்த்தாள். உள்ளே ஐநூறு கிலோ ஜெல். கலக்கும் துடுப்பின் அடித் திருகு கூடத் தெரிகிற அளவுக்குத் தெளிவாக வந்திருக்க வேண்டியது, பினாயில் ஊற்றிய வாளித் தண்ணீரைப் போல வெளுத்துக் கிடந்தது. கரண்டியால் அள்ளிப் பார்த்தாள். அநியாயத்துக்குக் கெட்டி. இதை டியூபில் அடைத்து விற்றால், வாங்குகிறவர் பல் துலக்குவதற்கு முன்னால் பிதுக்கியே களைத்துப்போவார்.

"பேப்பர்ல இருக்கிறபடிதான் போட்டேன்க்கா," என்றார் மிக்சரை ஓட்டுபவர், அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே. இருபது வருஷத்துக்கு முன் வேலைக்குச் சேர்ந்தபோது ஒட்டிய 'மிக்சர் தம்பி' என்ற பெயர் தலை முழுக்க நரைத்த பிறகும் அவரை விடவில்லை. அவளைவிட ஒரு வயது மூத்தவர்தான். ஆனால் வாட்ச்மேன் முதல் முதலாளியின் டிரைவர் வரை அந்தப் பற்பசை ஆலையில் லேபைப் பார்த்துக்கொள்ளும் அவள் எல்லாருக்கும் லேபக்கா. "ஒரு கிராம் கூட முன்னப்பின்ன இல்ல. வேணும்னா சீட்டைப் பாருங்க."

"நான் உங்கள ஒண்ணும் சொல்லலையே தம்பி."

"சொல்லல. பார்த்தீங்க."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். பல்லுக்காகவே நடக்கிற ஆலையில் பதினொரு வருஷமாக அவள் அதிகம் செய்த வேலை அதுதான்.

அந்த ஆலை காலங்காலமாக வெள்ளைப் பேஸ்ட் ஒன்றைத்தான் செய்துவந்தது. சுண்ணாம்புக்கல் மாவு, கிளிசரின், நுரைக்கு ஒன்று, வாசனைக்கு ஒன்று. யாரோ எப்போதோ எழுதிவைத்த கணக்கு. லேபக்காவின் வேலை அந்தக் கணக்கு தப்பாமல் பார்ப்பது. வந்த மூட்டையில் மாதிரி எடு, சோதி, பச்சைச் சீட்டு ஒட்டு. பேஸ்டில் மாதிரி எடு, சோதி, கையெழுத்துப் போடு. படித்தது வேதியியலில் முதுகலை. கையில் மிஞ்சியது ரப்பர் ஸ்டாம்ப்.

இந்த ஜெல் ஒன்றுதான் அவளே உட்கார்ந்து உண்டாக்கியது. சாப்பாட்டு இடைவேளைகளிலும் லீவு நாட்களிலும் ஒன்றரை வருஷம் கலக்கிக் கலக்கிக் கண்டுபிடித்தது. கண்ணாடி போலத் தெளிந்த ஜெல். அதைக் கொண்டுபோய்க் காட்டியபோது முதலாளி கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "மூணு பேட்ச் போட்டுப் பாரு. மிக்சர்ல வந்துச்சுன்னா மாடியில அந்த ரூம் உனக்கு. இனிமே புதுச் சரக்கு எல்லாம் நீ பண்றதுதான். மூணுலயும் வரலன்னா, இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது," என்றார். அந்த மாடி அறைக்கு வடக்குப் பார்த்த ஜன்னல் ஒன்று உண்டு. அவள் மனசுக்குள் அங்கே மேசை நாற்காலி எல்லாம் போட்டுவிட்டாள்.

இப்போது இரண்டு போய்விட்டது. வியாழக்கிழமை மூன்றாவது. அதுவும் போனால், ஓய்வு பெறும்வரை பச்சைச் சீட்டு ஒட்டிக்கொண்டிருக்கலாம்.

அவளுக்கு எரிச்சல் எதனால் என்றால், அவளுடைய லேபில் அது ஒரு தடவை கூடத் தப்பவில்லை. ஒரு கிலோ போட்டாலும் இரண்டு கிலோ போட்டாலும் தெளிந்துதான் வந்தது. அதே சிலிக்கா, அதே சார்பிட்டால் இனிப்புப் பாகு, அதே தண்ணீர். நாற்பது அடி தள்ளி மிக்சருக்குப் போனால் மட்டும் கலங்கிவிடுகிறது.

தெளிவின் சூட்சுமம் முழுக்க அந்த சிலிக்காவில்தான். பேஸ்ட் டப்பாவின் முதுகில் யாரும் படிக்காத பொடி எழுத்தில் 'நீரேற்றிய சிலிக்கா' என்று போட்டிருக்குமே, அது. மணலுக்கு உறவுக்காரன்தான். ஆனால் மணலின் முரட்டுத்தனம் கிடையாது. மாவைவிட மிருதுவாக இருக்கும். அதில் ஒரு ரகம் பல்லின் அழுக்கைத் தேய்த்தெடுக்கும், பல்லைச் சுரண்டாது. இன்னொரு ரகம் பேஸ்டைக் கெட்டியாக்கி, பிரஷ்ஷின் மேல் வழியாமல் நிற்கவைக்கும். பார்க்க வெள்ளைவெளேர் என்று இருக்கும் இந்தப் பொடியை, சரியான அளவு தண்ணீரும் சார்பிட்டாலும் கலந்த பாகில் போட்டால் ஆளே தெரியாது. கிளிசரினுக்குள் கண்ணாடிக் குச்சியை விட்டால் குச்சி காணாமல்போகிற மாதிரிதான் இதுவும். வெளிச்சம் பாகில் எவ்வளவு வளைகிறதோ அவ்வளவே பொடியிலும் வளைந்தால், எது பாகு எது பொடி என்று கண்ணுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. தண்ணீர் நூற்றுக்கு ஒரு பங்கு ஏறினாலோ குறைந்தாலோ குட்டு வெளிப்பட்டுவிடும். பொடி தன் வெள்ளையைக் காட்டிவிடும்.

ஆக, எங்கோ தண்ணீர் கணக்கு உதைக்கிறது. எங்கே?

அவள் தேடாத இடமில்லை. தண்ணீர் மீட்டரை இரண்டு தடவை சரிபார்த்தாள். சார்பிட்டால் பீப்பாயின் அடியிலிருந்தும் மேலிருந்தும் மாதிரி எடுத்தாள். மிக்சரின் காற்றை உறிஞ்சும் பம்ப் தண்ணீரையும் சேர்த்து உறிஞ்சுகிறதோ என்று மெக்கானிக்கைக் கூப்பிட்டுப் பிரித்துப்போட்டாள். ஒன்றுமில்லை என்று சொல்லி, மெக்கானிக் அதைப் பூட்டிவிட்டு முணுமுணுத்துக்கொண்டே போனார். சிலிக்கா மூட்டைகளைப் பற்றி அவளுக்குச் சந்தேகமே எழவில்லை. வந்து இறங்கியபோதே ஒவ்வொரு மூட்டையிலும் மாதிரி எடுத்து, ஈரம் நூற்றுக்கு ஆறரை பங்கு, எல்லாம் ஒழுங்கு என்று அவளே பச்சைச் சீட்டு ஒட்டியவை அவை.

"பவுடர் ரொம்பப் பறக்குதுக்கா," என்றார் மிக்சர் தம்பி, புதன்கிழமை காலையில். "கொட்டும்போது மேகமா எழும்புது. ரெண்டு பேட்ச்லயும் தும்மித் தும்மி உயிர் போச்சு."

"மாஸ்க்கை மூக்குல போடுங்க, தாடையில போடாதீங்க. பவுடர்னா பறக்கத்தான் செய்யும்."

"அந்த மாதிரி இல்ல, இது..."

"தம்பி, எனக்குத் தலைக்கு மேல வேலை இருக்கு. உங்க தும்மலுக்கும் நான்தான் மருந்து கண்டுபிடிக்கணுமா?"

அவர் மாஸ்க்கை மூக்குக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டார். லேபக்காவுக்கு மூக்கின் மேல் கோபம் என்பது ஆலை அறிந்த விஷயம். அவள் கத்தி ஓயும்வரை காத்திருப்பதும், அப்புறம் சொல்ல வந்ததைச் சொல்லாமல் போய்விடுவதும் எல்லாருக்கும் பழகிவிட்டது.

மதியம் மாப்பிள்ளை வந்தார். முதலாளியின் மகளைக் கட்டியவர், உற்பத்தி மேனேஜர். ஏ.சி. அறையிலிருந்து அவர் இறங்கி வருவதற்கு அரை நிமிஷம் முன்பே அவருடைய சென்ட் வந்துவிடும். "மேடம், ஒரு சின்ன ஐடியா. நீலக் கலரைக் கொஞ்சம் தூக்கலாப் போட்டா இந்தக் கலங்கல் தெரியாதுல்ல?"

"தெரியாது சார். அப்புறம் இது தெளிஞ்ச ஜெல்லும் இல்ல."

"வாங்குறவங்க டியூபுக்குள்ள டார்ச் அடிச்சா பார்க்கப் போறாங்க?"

ஒன்றரை வருஷம் எதற்காக உழைத்தாளோ அதையே வேண்டாம் என்கிற ஆளிடம் என்ன பேசுவது? மாதிரிக் குப்பிகளைக் கழுவ ஆரம்பித்தாள். ஒன்று உடைந்தது.

வீட்டுக்குப் போனால் சமையலறையில் இன்னொரு கூத்து. அவள் கணவர் செருப்புக் கடையில் விற்பனையாளர். அடுப்பின் முன் நின்று, அவளுடைய நல்ல வாணலியில் எதையோ வறுத்துக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தாள். கண்ணாடி மணிகள் போலச் சின்னச் சின்ன உருண்டைகள்.

"என்னங்க இது?"

"கடை அலமாரியில ஈரம் பிடிக்காம இருக்கத் துணிப் பையில போட்டு வைப்போம்ல, அது. மழை வந்து எல்லாம் தண்ணி குடிச்சுக் கனத்துப்போச்சு. முதலாளி புதுசு வாங்க மாட்டேங்கிறார். வறுத்தா மறுபடி வேலை செய்யுமாம்."

"அதுக்கு என் வாணலிதான் கிடைச்சுதா? காலையில அதுல என்னத்தச் சமைப்பேன், ஷூவையா?"

"உங்க சிலிக்காதானேடி இதுவும். வாய்க்குள்ள போட்டுத் தேய்க்கலாம், வாணலியில போடக் கூடாதா?"

பதில் சொல்ல அவளுக்கு வாயெல்லாம் துடித்தது. உண்மையில் அவர் சொன்னதில் தப்பில்லை. ஷூ பெட்டியில் 'தின்னாதே' என்று எழுதி வருவதும், டயருக்குள் போவதும், உப்பு கட்டிதட்டாமல் இருக்கச் சேர்ப்பதும், மோதிரத்தில் கல்லாக மின்னுவதும் எல்லாம் இந்தக் குடும்பம்தான். அவர் அடுப்பை அணைத்தார். ஒரு கை மணிகளை அள்ளித் தட்டில் ஆறவிட்டு, குழந்தை மாதிரி அதன் மேல் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டார். படபடவென்று வெடித்து, தண்ணீர் இருந்த இடம் தெரியவில்லை.

"பார்த்தியா? காஞ்சுட்டா இதுக்கு வெறி பிடிச்ச தாகம். வறுக்கறதுக்கு முன்னாடி கையில கனமா இருந்துச்சு, இப்போ எவ்வளவு லேசா இருக்கு பாரு."

அவள் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். லேசாகிறது. லேசானால் பறக்கும். கொட்டும்போது மேகமாக எழும்பும், மிக்சர் தம்பி தும்முவார். காய்ந்த பொடி பாகில் விழுந்ததும் முதல் காரியமாகப் பாகின் தண்ணீரைக் குடிக்கும். பாகு கலங்கும், கெட்டியாகும்.

"ஏன் இப்படி முறைக்கிற? வாணலியை நானே கழுவி வைக்கிறேன்."

"நீங்க கழுவுவீங்க. அந்த மூட்டையை எவன் வறுத்தான்?" என்றாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அவளுக்கும் யார் என்று புரியவில்லை.

மறுநாள் ஆலைக்குள் அவள் நுழைந்தபோது மணி எட்டு. மிக்சர் பத்து மணிக்குத்தான் ஓட வேண்டும். ஆனால் அதன் உறுமல் வாசலிலேயே கேட்டது. முதலாளி மதியம் வெளியூர் கிளம்புகிறார், அதற்குள் முடித்துக்காட்டி நல்ல பேர் வாங்கலாம் என்று மாப்பிள்ளை ஆறரைக்கே ஆரம்பித்துவிட்டாராம். லேபக்கா கைப்பையைக் கூட வைக்காமல் ஸ்டோருக்கு ஓடினாள்.

ஸ்டோர், எல்லாரும் 'பூட்டு' என்று கூப்பிடுகிற ஸ்டோர்கீப்பரின் ராஜ்ஜியம். அவருக்கு அந்தப் பேர் வரக் காரணம் இடுப்பில் தொங்கும் முப்பது சாவிகள். ஐம்பத்தைந்து வயது, வார்த்தைக்கு வார்த்தை பணிவு. ஆனால் சீட்டு இல்லாமல் முதலாளியே கேட்டாலும் ஒரு குண்டூசி வெளியே போகாது. யாரையும் உள்ளே விட மாட்டார். ஜன்னலில் சீட்டைக் கொடுத்தால், சரக்கு ஜன்னலுக்கு வரும். பதினொரு வருஷத்தில் லேபக்கா உள்ளே போனதே நாலைந்து தடவைதான்.

"கதவைத் திறங்க. சிலிக்கா மூட்டையை நான் பார்க்கணும்."

"ஜெல்லுக்கு வேண்டியது காலையிலேயே போயிடுச்சேம்மா. அடுத்த பேட்ச்சுக்கும் ஆகட்டுமேன்னு ரெண்டு மூட்டை சேர்த்தே ரெடி பண்ணி வச்சிருக்கேன்."

"ரெடி பண்ணின்னா?"

பூட்டு முகமெல்லாம் மலர்ந்து அவளை உள்ளே அழைத்துப்போனார். குளிர்காலத்தில் கிளிசரின் பீப்பாய்களைச் சூடாக வைத்திருப்பதற்கென்று ஸ்டோரின் பின்னால் ஒரு ஹீட்டர் அறை. கதவைத் திறந்ததும் அனல் முகத்தில் அடித்தது. உள்ளே தகரத் தட்டுகளில், விரல் கனத்துக்கு, கோடு போட்ட மாதிரி சமமாகப் பரப்பி, மேலே வெள்ளைத் துணி மூடி, அவளுடைய சிலிக்கா கிடந்தது. பிரசவித்த வீட்டில் குழந்தையைப் படுக்கவைத்த மாதிரி அவ்வளவு பக்குவம்.

"மூணு நாள் வைப்பேன்," என்றார் பூட்டு. "நடுவுல ரெண்டு தடவை கிளறி விடுவேன். அப்புறம் அதே மூட்டையில கட்டி, உங்க பச்சைச் சீட்டு கிழியாம அப்படியே அனுப்பிடுவேன். ஒரு பொட்டு ஈரம் இருக்காது."

"யார் உங்கள இப்படிப் பண்ணச் சொன்னது?"

பூட்டு அவளை விநோதமாகப் பார்த்தார். "நீங்கதானம்மா."

"நானா?"

"முதல் லோடு வந்தப்போ. ஒரு மூட்டை அடியில மழைத் தண்ணி பட்டு நனைஞ்சிருந்துச்சு. லாரிக்காரன் முன்னாடி வச்சு என்னைப் பிடி பிடின்னு பிடிச்சீங்களே. இப்படி ஈரமாக் குடுத்தா நான் ஜெல் பண்றதா, சாணி பிசையறதா, இனிமே எனக்கு வர்ற சிலிக்கா சருகு மாதிரிக் காஞ்சிருக்கணும், கொஞ்சம் ஈரம் இருந்தாலும் அத்தனையும் உங்க தலையிலதான் கொட்டுவேன்னு. அன்னைக்கு நான் சாப்பிடவே இல்லம்மா. அதுக்கப்புறம் ஒரு தடவையாவது ஈரம்னு சொல்லி வந்தீங்களா?"

வரவில்லைதான். அந்த ஒரு மூட்டை, அந்த ஒரு நாள். மழை பிடித்த மூட்டையைப் பார்த்த ஆத்திரத்தில் வாயில் வந்ததைக் கொட்டிவிட்டு அவள் லேபுக்குப் போய் டீ குடித்தாள். இவர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, ஐந்து மாதமாக அவளுடைய உழைப்பைத் தட்டுத் தட்டாக வறுத்துக்கொண்டிருந்திருக்கிறார். சிலிக்காவுக்குள் இருக்க வேண்டிய தண்ணீர் அது. அவளுடைய கணக்கே அந்தத் தண்ணீரையும் சேர்த்துத்தான். லேபில் ஏன் தப்பவில்லை என்பதும் இப்போது விளங்கிவிட்டது. லேப் டப்பாவில் இருந்தது, மூட்டை இறங்கியபோதே எடுத்த, வறுபடாத பொடி.

கத்த வேண்டும் போலிருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது? அழ வேண்டும் போலவும் இருந்தது, அதற்கு நேரமில்லை. தட்டிலிருந்து ஒரு கை அள்ளிக்கொண்டு லேபுக்கு ஓடினாள். சோதித்ததில் ஈரம் ஒரு பங்குதான் மிச்சம். ஆறரையில் ஒன்று போக ஐந்தரை. மிக்சருக்குள் போனது நூற்றிருபத்தைந்து கிலோ. காகிதத்தின் ஓரத்தில் கணக்குப் போட்டாள். கிட்டத்தட்ட ஏழு லிட்டர் தண்ணீர் காற்றோடு போயிருக்கிறது.

மிக்சரின் பார்வைக் கண்ணாடி வழியாக மாப்பிள்ளை உள்ளே பார்த்துக்கொண்டு நின்றார். வழக்கமான பால். "சாரி மேடம். மூணாவதும் போச்சு," என்றார். அவர் குரலில் அவ்வளவாக வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

"ஏழு லிட்டர் தண்ணி விடணும். இப்பவே."

"பேப்பர்ல இல்லாததை எப்படி விடறது?"

"பேப்பர்ல எழுதிக் கையெழுத்துப் போடறேன். கெட்டா என் தலை. ஏற்கனவே கெட்டுத்தானே கிடக்கு, இன்னும் என்ன கெடும்? தம்பி, வால்வைத் திறங்க."

மிக்சர் தம்பி மாப்பிள்ளையைப் பார்த்தார், லேபக்காவைப் பார்த்தார். பிறகு யாரையும் பார்க்காமல் மீட்டரை ஏழில் வைத்து வால்வைத் திறந்தார்.

முதல் பத்து நிமிஷம் ஒன்றும் நடக்கவில்லை. மாப்பிள்ளை இரண்டு தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பதினைந்தாவது நிமிஷம், பால் கொஞ்சம் தண்ணீர்ப் பாலானது. அப்புறம் பனி விலகுகிற மாதிரி ஓரத்திலிருந்து தெளிய ஆரம்பித்தது. அரை மணி நேரத்தில் துடுப்பு தெரிந்தது, துடுப்பின் அடித் திருகு தெரிந்தது, திருகின் தலையிலிருந்த கீறல் கூடத் தெரிந்தது. "வந்துருச்சுக்கா," என்றார் மிக்சர் தம்பி, தன் வீட்டில் நல்லது நடந்த மாதிரி.

முதலாளி வந்தார். ஒரு கண்ணாடித் தட்டில் எடுத்த ஜெல்லைத் தூக்கி, அதன் வழியாகத் தன் உள்ளங்கை ரேகையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "கண்ணாடிதான்," என்றார். லேபக்காவுக்கு மாடி அறையின் ஜன்னல் திறந்த மாதிரி இருந்தது.

"சரி, ரெண்டு தடவை ஏன் கெட்டுச்சு? இந்த ஏழு லிட்டர் என்ன கணக்கு?"

விஷயம் கேள்விப்பட்டுப் பூட்டும் வந்து தூணோரம் நின்றிருந்தார். சாவிக் கொத்தைச் சத்தம் வராமல் ஒரு கையால் பிடித்திருந்தார்.

"சிலிக்காவைக் காய வச்சிருக்காங்க சார். அதுல இருக்கிற ஈரம் போனதால வந்த வினை."

"யார் காய வச்சது?"

ஒரு வார்த்தை போதும். அவர் தானாகத்தான் செய்தார் என்று சொன்னால் போதும். அன்றைக்கு அவள் கத்தியதைக் கேட்டவன் ஒரு லாரிக்காரன், அவன் இப்போது எந்த ஊரில் இருக்கிறானோ. இரண்டு பேட்ச், ஆயிரம் கிலோவைக் குப்பையில் கொட்டவைத்த ஆளை முதலாளி அன்றைக்கே சாவியைக் கழற்றி வைக்கச் சொல்வார். சொல்லிவிடலாம் என்றுதான் அவள் வாயைத் திறந்தாள். அவள் ஒன்றும் தியாகி இல்லை. அந்த அறை அவளுக்கு வேண்டும், வெறியாகவே வேண்டும். ஆனால் 'நீங்கதானம்மா' என்று அந்த மனுஷன் சொன்னபோது அதில் ஒரு துளி பொய் இல்லை. அதுதான் அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

"ஸ்டோர்லதான் காய வச்சாங்க சார். நான்தான் சொன்னேன்."

"நீயா?"

"ஒரு மூட்டை நனைஞ்சிருந்துச்சு. கோபத்துல சருகு மாதிரிக் காஞ்சிருக்கணும்னு கத்திட்டேன். அதை அவர் அப்படியே செஞ்சிருக்கார்."

முதலாளி தட்டைக் கீழே வைத்தார். திட்டியிருந்தால் கூடத் தேவலை, அவர் திட்டவில்லை. "உனக்குக் கையில வித்தை இருக்கும்மா. வாய் சரியில்ல. நீ என்ன சொல்றன்னு உனக்கே தெரியலன்னா, உன்னை நம்பி நாலு பேரை எப்படி விடறது? இந்த ஜெல்லை விட மாட்டேன், நல்லா இருக்கு. ஆனா இதை மாப்பிள்ளை பார்த்துக்கட்டும். நீ லேப்லயே இரு."

அவ்வளவுதான். கார் கிளம்பிப் போயிற்று. மாப்பிள்ளை கொஞ்ச நேரம் பொறுத்து, "மேடம், அந்த ஃபார்முலாவை சாயங்காலத்துக்குள்ள எனக்கு மெயில் பண்ணிடுங்க. அப்புறம் அந்த மாடி ரூம்ல ஏ.சி. இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றாள். போடச் சொல்கிறேன் என்றார். மிக்சர் தம்பி மட்டும் அவள் பக்கம் வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்புறம் பழக்கம் தடுத்ததோ என்னவோ, வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

லேபக்கா லேபில் போய் உட்கார்ந்தாள். தெளிந்த ஜெல் இருந்த குப்பி மேசை மேல் இருந்தது. ஒன்றரை வருஷம். பார்க்கப் பிடிக்காமல் அதை அலமாரிக்குள் வைத்துக் கதவை அறைந்தாள். உள்ளே நாலு குப்பிகள் உருண்டன.

கதவில் தட்டும் சத்தம். பூட்டு. கும்பிடு போட வந்திருப்பார், கண் கலங்கி நன்றி சொல்லுவார், அதையும் தாங்க வேண்டுமா என்று நினைத்தாள்.

அவர் கையில் ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் இருந்தன.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா," என்றார் பூட்டு. அந்தப் பணிவான குரலில் முதல் முறையாக ஒரு விறைப்பு. "ஐயா முன்னாடி நீங்களே ஒத்துக்கிட்டீங்க, சரிதான். ஆனா ஐஞ்சு மாசம் அனல்ல நின்னு கிளறினது நான். தப்புன்னு ஆனதும் கொலைக் குத்தம் பண்ணவன் மாதிரி தூணோரமா நின்னதும் நான். இனிமே எனக்கு வாயால எதுவும் சொல்லாதீங்க. எது வேணும்னாலும் எழுதிக் குடுத்துடுங்க."

அவரை ஏறிட்டுப் பார்த்தாள். உங்களுக்காக நான் எதை விட்டேன் தெரியுமா என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. அவருக்குத் தெரியாது. சொன்னாலும் விளங்காது. அவரைப் பொறுத்தவரை, சொன்னவள் சொன்னதை ஒப்புக்கொண்டாள், அதில் விட்டுக்கொடுக்க என்ன இருக்கிறது? யோசித்தால் அவர் சொல்வதும் நியாயம்தான்.

பேனாவை வாங்கினாள். 'சிலிக்கா மூட்டைகளைக் காய வைக்க வேண்டாம்' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டாள்.

பூட்டு தாளை வாங்கிக் கைக்கு எட்டிய தூரத்தில் பிடித்து, எழுத்துக் கூட்டிப் படித்தார். இன்னொரு தரமும் படித்தார்.

"வேண்டாம்னு போட்டிருக்கீங்க. இந்த லோடுக்கு மட்டுமா, எப்பவுமேவாம்மா?"

அவளுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றது. பூட்டு காத்திருந்தார், கை சாவிக் கொத்தைப் பற்றியிருக்க, கண்கள் அவள் உதட்டிலேயே இருக்க. அந்தக் கண்களில் இருந்தது பயம் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

லேபக்கா வாயை மூடினாள். தாளைத் திரும்ப வாங்கி, அந்த வரிக்குக் கீழே 'எப்போதும்' என்று எழுதிக் கொடுத்தாள்.